கோபுரத்துக்கு மூக்கு உண்டா?

கேள்வி: செல்பேசிக் கோபுரங்களைக் கொண்டே காற்றின் கேட்டை அறியலாம் என்கிறார்களே, கோபுரத்துக்கு மூக்கு முளைத்துவிட்டதா?

பதில்: மூக்கு முளைக்கவில்லை, ஆனால் தனக்கு நேரும் இடைஞ்சலை மறைக்கத் தெரியாத சுபாவம் அதற்கு உண்டு, நமக்கு அது போதும். கோபுரத்துக்குக் கோபுரம் செய்தி சுமந்து செல்லும் நுண்ணலை வழியில் மழை பெய்தால் வலுக் குன்றும். கம்பெனிகள் தங்கள் பராமரிப்புக்காகக் குறித்துவைத்த அந்த நலிவைக் கொண்டே, டெல் அவீவ் சர்வகலாசாலையின் ஹகித் மெஸ்ஸரும் சகாக்களும் 2006-ல் மழையை அளந்து காட்டினார்கள். கார்னெல் சர்வகலாசாலையின் நோவாம் டேவிட், ஆலிவர் காவ் இருவரும் 2016-ல் இன்னும் சூட்சுமமான ஒன்றைச் சொன்னார்கள். சாதாரணமாக உயரே போகப் போகக் காற்று குளிரும். சில இரவுகளில் மட்டும் தரையை ஒட்டிக் குளிர்காற்றும் அதன்மேல் வெப்பக்காற்றும் அடுக்காக நின்றுவிட, சட்டியை மூடியதுபோல், புகையும் நச்சும் மேலெழ வழியின்றி நாம் சுவாசிக்கும் உயரத்திலேயே தங்கிவிடுகின்றன. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரின் நிலக்கரிப் புகை 5 நாள் அப்படி அடைபட்டுக் கிடந்ததில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த அடுக்குகளில் புகும் நுண்ணலை வளைந்து திசை பிசகுவதால், மழையில்லாத தெளிந்த இரவிலும் பல இணைப்புகள் ஏககாலத்தில் தளர்கின்றன; அதுவே அடையாளம். எந்த நச்சு, எவ்வளவு என்பதைச் சொல்லத் தனிக் கருவிதான் வேண்டும். ஆயினும் மூடி விழுந்துவிட்டது என்ற சேதி மட்டும் வேளையோடு கிடைத்தால், ஆஸ்துமாவால் வருந்தும் குழந்தையை விடியற்காலைப் பனியில் விளையாட அனுப்பாமல் நிறுத்திவைக்க ஒரு தாய்க்கு அவகாசம் கிடைக்குமே. அதற்காகவேனும் கம்பெனிகள் அந்தக் குறிப்புகளைப் பூட்டிவைக்காமல் ஆராய்ச்சியாளருக்குத் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்பேன்.