பேனாக்கத்தியின் தீட்டுகோணம்: ஓர் ஆய்வும் அதன் மறுப்பும்

பேனாக்கத்தியை எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்னும் வினா தமிழ் ஆய்வுலகில் இதுவரை எழுப்பப்படவில்லை. யாரும் எழுப்பாத வினா என்பதே ஆய்வேட்டுக்குப் போதிய தகுதி என்பது கற்றோர் மரபு. அம்மரபை ஒட்டியே இக்கட்டுரை எழுகிறது.

ஆய்வின் நோக்கம், கோணத்தைக் கண்டறிதல். ஆய்வின் எல்லை, மடக்கினால் சட்டைப்பையில் அடங்கும் கத்தி. வெட்டரிவாள் இவ்வாய்வில் சேராது. அதை வைத்திருப்போருடன் கருத்து வேறுபாடு கொள்ள ஆய்வாளர் விரும்பவில்லை.

முன்னாய்வுகள் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜான் வெர்ஹோவன், 2004இல் கத்தி தீட்டும் சோதனைகளைப் பற்றி நெடியதோர் அறிக்கையே எழுதினார். தீட்டிய வாயை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படமும் பிடித்தார். இது நான் கட்டிய கதை அன்று, உண்மை. உண்மை இந்த அளவுக்குப் போய்விட்டால் போலி ஆய்வாளன் பிழைப்பது எப்படி?

அடுத்து, சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை தொடங்கினார். 1891 முதல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கத்தி கொடுத்தது அந்தப் பட்டறைதான். இன்று அதன் பெயர் விக்டோரினாக்ஸ். பேனாக்கத்திக்கு ஒரு பக்கம் 15 முதல் 20 பாகை, இரு பக்கமும் சேர்த்து 30 முதல் 40 பாகை என்கிறது அந்நிறுவனம். இரண்டு வரியில் முடித்துவிட்டபடியால் இதனை ஆய்வு என ஏற்பதற்கில்லை.

கோணம் பேசுவோர் இரு பிரிவினர். ஒரு பக்கச் சரிவை மட்டும் அளந்து 20 என்போர் ஒருபக்கவாதிகள். இரண்டையும் கூட்டி 40 என்போர் இருபக்கவாதிகள். பேசுவது ஒரே கத்தியைப் பற்றித்தான். ஆனாலும் இவர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் கை நனைப்பதில்லை. கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்ற வழக்கை அறிந்தோருக்கு இதன் ஆழம் விளங்கும். யானையை யாரும் கேட்கவில்லை என்பதும் விளங்கும். நடுவில் மாட்டிக்கொள்பவர் புதிதாகக் கத்தி வாங்கியவர். 20 என்பதை மொத்தக் கணக்கென்று எடுத்துக்கொண்டு பக்கத்துக்குப் பத்துப் பத்தாகத் தீட்டினால், வாய் மெலிந்து, முதல் கொட்டையில் பட்டதுமே மடங்கிவிடும் (காண்க: இக்கட்டுரை, இதே பத்தி, முந்தைய வாக்கியம்).

கணக்கைப் பார்ப்போம். அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்று கொள்க. முதுகைக் கல்லிலிருந்து 3.9 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் 15 பாகை; 5.1 மில்லிமீட்டர் தூக்கினால் 20 பாகை. 17 பாகைக்கும் 18 பாகைக்கும் உள்ள தூரம் கால் மில்லிமீட்டர், அதாவது இரண்டு மூன்று காகிதத் தாளின் தடிமன். அந்தத் தாள்களின் இடுக்கில்தான் கோணவாதிகள் குடியிருக்கிறார்கள். ஒரு தும்மலில் கை அதைவிடக் கூடுதலாக ஆடும். 17தான் சரி, 18 அழிவு என்பது ஒரு தரப்பு (மூத்த மைத்துனர், வாய்மொழி, மொட்டைமாடி, மின்வெட்டு நேரம்). இத்தரப்பினரிடம் எண் காட்டும் கோணமானியும் அலகைக் கவ்விப் பிடிக்கும் கருவியும் உண்டு. மைத்துனரின் கத்தி இன்றுவரை எதையும் நறுக்கியதில்லை. நறுக்கினால் கூர் போய்விடுமாம்.

சவரக் கத்தியை முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படியும்படி படுக்கவைத்துத் தீட்டுவார்கள். கோணம் கத்தியிலேயே அமைந்திருக்கிறது. சர்ச்சைக்கு இடமில்லாததால் இவ்வியல் இத்துடன் முடிகிறது.

இனி, ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம். ‘தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறதா?’ என்றொரு பழமொழி உண்டு. பனையேறிகள் பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுவது வழக்கம். ஆகவே மரத்தில் தீட்டுவது வியப்பன்று. நன்றி கெட்டவனைச் சொல்லும் பழமொழி இது என்பது பொதுமக்கள் கருத்து. பொதுமக்கள் கருத்து ஆய்வுக்கு உதவாது. முதல் உரைகாரர் இதைச் சோதனை முறை பற்றிய கண்டிப்பு என்கிறார்: தீட்டிய பொருளிலேயே சோதித்தால் முடிவு செல்லாது (கீழத்தெரு உரை, கிழிந்த படி). இரண்டாம் உரைகாரர் இதை மறுக்கிறார். ‘மரம்’ இங்கே ஆய்வு நெறியாளரைக் குறிக்கும், ‘தீட்டினது’ மாணவன், ‘கூர் பார்ப்பது’ நெறியாளரின் கட்டுரையில் பிழை கண்டுபிடிப்பது (மேலத்தெரு உரை, நெறியாளர் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டது, முதலாசிரியர் இடத்தில் நெறியாளர் பெயர்). மூன்றாம் உரைகாரர் இருவரையும் ஒரே வீச்சில் வெட்டுகிறார். மென்மையான பொருளை நறுக்க ஒடுங்கிய கோணம் வேண்டும். மரத்தை வெட்ட அகன்ற கோணம் வேண்டும். 15 பாகையில் தீட்டிய கத்தியை மரத்தில் போட்டால் வாய் சிதறும். எனவே இப்பழமொழி கோண எச்சரிக்கையே அன்றி வேறில்லை. வெள்ளைக்காரன் கோணமானி செய்வதற்கு முன்பே தமிழன் பாகையை அறிந்திருந்தான், சொல்லாமல் விட்டது அடக்கம் (மூன்றாம் உரைகாரர், முதலாமவருக்கு இரண்டாமவர் எழுதிய மறுப்புக்குத் தாம் எழுதிய விளக்கத்தின் ஓரக்குறிப்பு, ஓலைச்சுவடி, கரையான் அரித்தது, சான்று, அரித்த பகுதியில்). இந்த வகைச் சான்றுக்கு நம்மிடையே இருக்கும் மதிப்பை நினைத்தால், மாநாட்டு மலரில் முதல் கட்டுரையாகவே இது வந்துவிடும். பிளாஸ்டிக் சர்ஜரியில் தொடங்கி அணுகுண்டு வரை முன்னோர் தலையில் கட்டியவர்களுக்குப் பேனாக்கத்தி ஒரு சுமையா?

கூர் பார்க்கும் முறைகளில் காகிதம் அறுத்தல் எளியது. தக்காளியின் தோலில் வைத்து இழுத்தல் பயனுள்ளது. சோதனைக்குப் பின் ரசம் வைக்கலாம். முன்கை மயிரை மழிப்பது ஆண்மை சார்ந்தது. இதில் ஒரு செய்தி உண்டு. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எப்படிச் சவர பிளேடின் கூரைக் கெடுக்கிறது என்று எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து, 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். வாய் மெதுவாகத் தேய்வதைவிட, மயிர் சாய்வாக மோதும் இடத்தில் எஃகே துணுக்காகப் பெயர்கிறதாம். ஆக, ஒரு கை முழுக்க மழித்துக் காட்டி மெச்சிக்கொள்பவர் கூரையும் கொஞ்சம் மழித்துவிட்டார்.

களஆய்வும் நடந்தது. சைக்கிளில் சாணை பிடித்து வரும் பெரியவரை மறித்து, “எத்தனை டிகிரிண்ணே?” என்று கேட்கப்பட்டது. “மூத்தவன் பி.காம். முடிச்சிட்டான், சின்னவன் பாலிடெக்னிக்,” என்றார். தரவு பதிவுசெய்யப்பட்டது. அவர் வேலையில் ஆய்வாளர் கண்ட ஒரே ஆபத்து, காய்ந்த சக்கரத்தில் மெல்லிய அலகை அழுத்தினால் சூடேறி நீலம் பாயும். அவ்விடத்தில் எஃகின் பதம் போய்விடும். அதை அவரும் அறிவார். தொட்டுத் தொட்டு எடுக்கிறார், பக்கத்தில் டப்பாவில் தண்ணீர் வைத்திருக்கிறார்.

முடிவுகள் வருமாறு. சரிவின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுக் கல்லில் இரண்டு இழுப்பு இழுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. வாய் ஓரத்து மை போகும்வரை முதுகை ஏற்றி இறக்குங்கள். 17ஓ 20ஓ, பிடித்த கோணத்தில் கை நின்றால் போதும். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் நெடுகப் பிசிறு எழ வேண்டும்; எழாவிட்டால் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை. கடைசியில் பிசிறை எடுத்துவிட வேண்டும். எடுக்காத பிசிறு முதல் நாள் கூர்போல நடித்து, மறுநாள் உதிரும். இவ்வளவையும் முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஆய்வு என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

புறத்தேர்வாளர் என்ற முறையில் என் பரிந்துரை: மைத்துனருக்கு முனைவர் பட்டம் வழங்கலாம். அவருடைய கத்தி மட்டும் மறுதேர்வு எழுத வேண்டும்; வினாத்தாளாக ஒரு மாங்காய் போதும்.