வெள்ளை வேலிக்கு விழுந்த நாமம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கஞ்சாம் பக்கம், காவிரியை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கி, அமெரிக்கப் படங்களில் வருகிற மாதிரி வெள்ளை வினைல் வேலி போட்டவர்களுக்கு மட்டும் இந்த வழிகாட்டி. முள்வேலி, கள்ளிவேலி வைத்திருக்கும் புத்திசாலிகள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

மழைக்காலம் முடிந்ததும் வேலியைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலைக்குக் கீழேயும் வெள்ளைப் பலகையின் நடுவே செங்குத்தாக ஒரு செம்பழுப்புக் கோடு இறங்கியிருக்கும். ரங்கநாதர் ஊர் அல்லவா, நாமமேதான். வடகலையா தென்கலையா என்று பக்கத்து வீட்டு மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய வருவதற்குள் காரியத்தில் இறங்க வேண்டும்.

முதல் காரியம், யாரைத் திட்டுவது என்று முடிவுசெய்வது. வேலியைத் திட்டாதீர்கள். வினைல் என்பது பிவிசி. அதில் இரும்பு இல்லை, துருப்பிடிக்க வழியும் இல்லை. "ஆயுசுக்கும் துருப்பிடிக்காது சார்" என்று விற்றவர் சொன்னது சத்தியம். ஸ்க்ரூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை. காவிரியையும் விட்டுவிடுங்கள். இரண்டு மாநிலங்களும் அவள் பேரில் நடத்திய வழக்குகளே போதும். காற்றோட்டமுள்ள ஆற்றுநீரில் கரைந்த இரும்பு அதிகம் தங்காது.

ஸ்க்ரூவோடு சேர்த்துச் சந்தேகப்பட வேண்டியது போர்வெல்லை. வெள்ளை பக்கெட்டில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது பளிங்காக இருந்த தண்ணீர் விடியற்காலையில் மங்கிப்போய், அடியில் காவி நிறத்தில் வண்டல் படிந்திருந்தால் ஆள் அகப்பட்டான். நிலத்தடியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் வேஷத்தைக் கலைத்துவிட்டது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் குழாயிலும் கறை படியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புல்தரைக்கு வைத்த ஸ்பிரிங்ளர் இந்தத் தண்ணீரைத்தான் தினம் இரண்டு வேளை உங்கள் வேலிக்கும் அபிஷேகம் செய்துகொண்டிருக்கிறது.

இனி, வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு வைத்தியம் சொல்வார்கள். பிளீச்சிங் பவுடர் என்பார் மைத்துனர். அது இரும்பை இன்னும் ஆக்சிஜனேற்றம் செய்து கறையை நிரந்தரக் குடியாக்கும். கம்பி நார் கொண்டு தேய்க்கச் சொல்வார் இன்னொருவர். தேய்த்தால் பலகை கீறும், கீறலுக்குள் கம்பித் துணுக்கு சிக்கும், அந்தத் துணுக்கும் துருப்பிடிக்கும். வேலைக்கு முடிவே இராது. கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து அடிக்கச் சொல்பவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்ளுங்கள். கிளம்புவது குளோரின் வாயு. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, உயிருக்கே ஆபத்து.

புதுக் கறைக்கு எலுமிச்சை மூடியும் உப்பும் போதும். கொல்லையில் புளிச்சக்காய் மரம் இருந்தால் இன்னும் விசேஷம்: அதில் இருப்பது ஆக்சாலிக் அமிலம், துருவைக் கரைப்பதில் கெட்டிக்காரன். காயை நறுக்கித் தேய்த்து, ஊறவிட்டுக் கழுவுங்கள். பழைய கறையென்றால் அதே அமிலம் பெயிண்ட் கடையில் தூளாகக் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மறைவான மூலையில் முதலில் பரீட்சித்துவிட்டுத் துணியால் ஒற்றுங்கள். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அது விஷம்; குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக்கூடாது. மார்பிள், கடப்பாக் கல் மேல் சிந்தினால் கல்லையும் அரிக்கும்.

எதுவும் பலிக்கவில்லையா, சரித்திரத்தைத் துணைக்கு அழையுங்கள். 1799இல் இந்த ஊர்க் கோட்டை விழும்வரை கும்பினிப் படையைக் கலங்கடித்தவை திப்புவின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள். 2018இல் சிவமொக்கா மாவட்டத்து நகராவில், ஒரு பாழுங்கிணற்றில் அவை ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன, துருவேறிய கோலத்தில். யாராவது முகம் சுளித்தார்களா? பத்திரிகைகளில் செய்தி போட்டார்கள். உங்கள் ஸ்க்ரூவுக்கும் அந்த யோகம் வரும், 200 வருஷம் பொறுத்தால்.

பொறுமை இல்லாதவர்கள் ஸ்க்ரூக்களைக் கழற்றி, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். துத்தநாகம் பூசியது மலிவுதான், ஆனால் பூச்சு தேய்ந்ததும் நாமம் திரும்பி வரும். ஸ்பிரிங்ளர் மூக்கை வேலிக்கு எதிர்த் திசையில் திருப்பிவிடுங்கள். வேலி இன்னும் போடவில்லையென்றால், ஸ்க்ரூ என்ன ரகம் என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.