காத்துக்குக் கொட்டேசன் தெரியாது, மாப்ளே

வாரும் மாப்ளே, இரியும். மொட்டை மாடியில சோலார் போடப் போறீராம்ல. தெருவெல்லாம் அதே பேச்சு. மூணு கொட்டேசன் வாங்கி, பேனல் எந்தக் கம்பெனி, வாட் எவ்வளவு, இன்வெர்ட்டருக்கு வாரண்டி எத்தனை வருசம், கரண்ட் எடுக்கிறதை செல்போன்ல பாக்கலாமான்னு அக்குவேறு ஆணிவேறா விசாரிச்சுட்டீராம். சந்தோசம். அந்தப் பேனலை மாடியில எது பிடிச்சு நிறுத்தப் போவுதுன்னு கேட்டீரா? "அதெல்லாம் அவங்களே கொண்டாருவாங்க மாமா"ங்கீரு. எம் மவளைப் பாக்க வந்தப்பவும் இப்படித்தான். வீடு, வயலு, கிணத்துல தண்ணி எல்லாத்தையும் விசாரிச்சீரு. மாமனாரு எப்படின்னு ஒரு வார்த்தை கேக்கல. அனுபவிக்கீரா இல்லையா?

அந்தக் காயிதத்தைக் கொண்டாரும். பேனலுக்குப் பத்து வரி எழுதியிருக்கான். கடைசியில "ஸ்ட்ரக்சர் - 1 செட்". தூணு, சட்டம், கிளாம்ப், நட்டு, போல்ட், வாசர் எல்லாம் அந்த ஒரு செட்டுக்குள்ள. செட்டுன்னா கரகாட்ட செட்டா, மேளசெட்டான்னு கேட்டிருக்கலாம்லா?

நம்ம தென்காசி எங்க இருக்குன்னு உமக்கு மறந்துபோச்சு. மேக்க ஆரியங்காவுப் பக்கம் மலை கொஞ்சம் வழி விட்டிருக்கு பாத்தீரா, அதான் செங்கோட்டைக் கணவாய். வைகாசி கடைசியில தென்மேற்குக் காத்து அந்தச் சந்துல நுழைஞ்சா, நெருக்கடி தாங்காம வேகம் கூடி இந்தப் பக்கம் வந்து விழும். ஆவணி வரைக்கும் அதே கூத்துதான். ஐந்தருவியில குளிச்சிட்டு சாரல்ல நின்னு பஜ்ஜி தின்னுட்டுப் போற சென்னைக்காரனுக்கு அது சீசன். மாடியில தகரம் போட்டவனுக்கு அது சிவராத்திரி. விசுவநாதர் கோயில் வாசல்ல வேட்டியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நீரு நடந்ததை நானே பாத்திருக்கேன். சுரண்டை, ஆலங்குளம் பக்கமெல்லாம் கோடி கோடியாக் கொட்டி காத்தாலை நட்டிருக்கானே, அவன் என்ன மட்டியா? காத்து இருக்கிற இடம் தெரிஞ்சுதான் நட்டான். நீரு அதே காத்துல பலகையைப் படுக்கப் போடுதீரு.

கணக்குச் சொல்லுதேன், கேளும். இப்ப வார பெரிய பேனலு ஏழரை அடி நீளம், மூணேமுக்கால் அடி அகலம், எடை 28 கிலோ சுமாரு. மணிக்கு 60 கிலோமீட்டர் காத்து அது மொகத்துல நேரா மோதினா 40 கிலோவுக்கு மேல தள்ளும். 120 கிலோமீட்டர்ல அடிச்சா அதுல ரெண்டு பங்குன்னு நினைப்பீரு. கிடையாது, நாலு பங்கு! 170 கிலோவைத் தாண்டிரும். சாச்சு வச்ச பேனலுக்கு நேர் மோதல் கொஞ்சம் குறையும், வாஸ்தவம். ஆனா மேல ஓடுத காத்து உறிஞ்சித் தூக்கும், அடியில புகுந்த காத்து முட்டித் தூக்கும். பேனலு கனமா இருக்கே, எங்க போயிரும்னு நம்பி இருக்கீரே, அந்த 28 கிலோ அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. மத்தியப் பிரதேசத்துல ஓம்காரேஷ்வர் அணையில மிதக்கவிட்ட சோலார் பேனலையே 2024 ஏப்ரல்ல ஒரு கோடைக்காத்து கலைச்சுப் போட்டுச்சு. அங்க எஞ்சினியருங்க இருந்தாங்க. உம்ம வீட்டுல நீருதான் எஞ்சினியரு.

உங்க அத்தை வேற, எட்டடி உயரத்துல தூக்கிப் போடச் சொல்லுதா, கீழ வத்தல் காயப்போடணுமாம். பேனல் நிழல்ல வத்தல் எப்படிக் காயும்னு நான் கேக்கல. கேட்டா ராத்திரிச் சோறு கிடையாது. நீரு மாப்ளை, நீரு கேக்கலாம். உயரம் கூடக் கூடக் காத்தும் கூடும், தூணுக்குத் தூணு குறுக்குச் சட்டம் வேணும், செலவும் ஏறும். நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு 9 பாகைதான் வடக்க. தெக்க பாத்து பத்துப் பாகை சாச்சா வெயிலுக்கும் போதும், மழைத்தண்ணியும் தூசியை அடிச்சுட்டுப் போயிரும். டெல்லிக்காரன் படத்தைப் பாத்துட்டு முப்பது பாகை நிமுத்தி வச்சீர்னா, பேனலு பாய்மரம் ஆயிரும். மாடி ஓரத்துலயும் மூலையிலயும் காத்து சுழட்டும், அங்க ஒட்டிப் போடாதீரும். சீசன் காத்து மேக்கருந்து வரும், ஐப்பசி கார்த்திகைப் புயல் வந்தா பேனலுக்கு முதுகுப் பக்கம் புகுந்து தூக்கும். ரெண்டு பக்கமும் மனசுல வச்சுத்தான் சட்டம் போடணும்.

இனி அடித்தட்டு. இங்கதான் ஊரே ஏமாறுது. உம்ம மாடியில மேல தட்டோடு பதிச்சிருக்கு, அதுக்கு அடியில செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதுக்கும் கீழதான் கான்கிரீட்டு. வார பையன் ட்ரில்லை வச்சு ரெண்டு நிமிசத்துல ஓட்டை போட்டு, ஆங்கர் போல்ட்டை அடிச்சு, முறுக்கிப் பாத்து, "கின்னுனு இருக்கு சார்"ம்பான். இருக்கும், ஆடி பிறக்கிற வரைக்கும். ஓட்டையிலருந்து வார தூளை உள்ளங்கையில வாங்கிப் பாரும். சிவப்பா வந்தா இன்னும் செங்கல்லதான் நிக்கான். சாம்பலா வந்தாத்தான் கான்கிரீட்டு. அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி, கீழ படுத்திருக்கிற உம்ம தலையில சொட்டாம இருக்கணும்னா, பூசி அடைக்கவும் சொல்லணும். ஓட்டையே வேண்டாம்னா கனமான கான்கிரீட் கட்டை மேல நிறுத்தலாம். அந்தக் கனத்தை மாடி தாங்குமான்னு கொத்தனார்ட்ட கேக்காதீரும், எஞ்சினியர்ட்ட கேளும்.

இரும்பு வாங்கையில "ஜிஐ"ன்னு சொன்னவுடனே தலையாட்டாதீரும். துத்தநாகத்துல முக்கி எடுத்ததும் ஜிஐதான், பேருக்குப் பூசி விட்டதும் ஜிஐதான். முக்கி எடுத்ததுல 80 மைக்ரான் இருக்கான்னு கேளும், மூஞ்சி மாறுதா பாரும். சட்டத்தை மாடியில வச்சு அறுத்து ஓட்டை போட்டா, அறுத்த வாயில துத்தநாகம் போயிருக்கும். மூணு மாசம் சாரல்ல நனைஞ்சா துரு முதல்ல அங்கதான் பிடிக்கும். அன்னைக்கே ஜிங்க் பெயிண்டு அடிக்கணும். நட்டு போல்ட் எஸ்.எஸ். 304 போடச் சொல்லும். மிசினை வச்சு சர்ருனு ஏத்தாம, மரையில கொஞ்சம் கிரீஸ் தொட்டு முறுக்கச் சொல்லும். இல்லன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு கவ்விக்கிடும், பொறவு அறுத்துத்தான் எடுக்கணும்.

கிளாம்ப்பு? விரல் நீள அலுமினியத் துண்டு. 25 வருச வாரண்டிப் பேனலோட உசுரு அதுலதான் தொங்குது. ரெண்டு பேனலுக்கு நடுவுல போடுதது வேற, வரிசை முனையில போடுதது வேற. முனைக் கிளாம்ப் தீந்துபோச்சுன்னு நடுக் கிளாம்ப்பை ஒருக்களிச்சு மாட்டுத பையனும் உண்டு. பேனல் உயரம் 35 மில்லின்னா கிளாம்ப்பும் 35 இருக்கணும். சட்டத்துல எங்க பிடிக்கணும்னு பேனல் கம்பெனிக்காரன் தாளுல போட்டிருப்பான், அங்கதான் பிடிக்கணும். எவ்வளவு முறுக்கணும்னும் அளவு இருக்கு, அதுக்கு டார்க் ஸ்பானர்னு ஒண்ணு இருக்கு. "கை பழக்கம் சார்"னு சொல்லுதவன்ட்ட, காசையும் கை பழக்கத்துல எண்ணித் தாரேன்னு சொல்லிப் பாரும், ஸ்பானர் தானா வரும். முதல் சீசன் முடிஞ்சதும் ஒருக்க வந்து எல்லா நட்டையும் முறுக்கிட்டுப் போணும். 2024-ல வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்துல மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூவா மானியம் வருதுல்லா, அதுல அஞ்சு வருசம் பராமரிப்பு போட்டவன் பொறுப்பு. மானியத்தை ஞாபகம் வச்சிருக்கீரு, இதை மறந்துட்டீரே.

குரங்கைச் சொல்ல விட்டுட்டேன். குத்தாலத்துக் குரங்குக்கு உம்ம பேனலு சறுக்குப் பலகை. தொங்குத வயரைப் பாத்துட்டா ஊஞ்சல். வயரைக் குழாய்க்குள்ள விட்டுரும்.

குரங்காவது இறங்கிப் போயிரும். ராத்திரி ஏறுதவன் பேனலோட இறங்குவான். சாதா ஸ்பானரு எல்லா சைக்கிள் கடையிலயும் கிடைக்கும். அதுக்குன்னே திருட்டுத் தடுப்பு நட்டு வந்திருக்கு. முறுக்கி முடிச்சதும் அறுகோணத் தலை முறிஞ்சு விழுந்துரும். மிச்சம் வழுவழுன்னு கூம்பு மாதிரி நிக்கும், எந்த ஸ்பானரும் பிடிக்காது. எல்லாத்துக்கும் அதையே போட்டா நாளைக்குப் பேனலை மாத்தையில நீரே திருடன் மாதிரி முழிப்பீரு. பேனலுக்கு ஒண்ணு ரெண்டு போதும். இன்னொரு வகை, தனிச் சாவி போட்டாத்தான் திறக்கும். பின்னால கழட்டுததுக்கு அதான் லேசு.

நம்ம தெருவுல ஒருத்தர் அதைத்தான் வாங்கிப் போட்டாரு. கெட்டிக்காரரு. சாவி தொலைஞ்சிரக் கூடாதுன்னு மாடிப்படி பக்கத்துல ஆணி அடிச்சு, "சோலார் நட்டு சாவி"ன்னு பெயிண்டுல எழுதி மாட்டியிருக்காரு. ஏணி எங்க இருக்குன்னும் எழுதச் சொல்லலாம்னு பாக்கேன்.