வாடிவாசல் தோறும் ஒரு யாத்திரை

கேள்வி: ஊர் ஊராகப் போய் மைதானம் பார்ப்பதை வெள்ளைக்காரர்கள் ‘கிரவுண்ட் ஹாப்பிங்’ என்கிறார்களே, புதுக்கோட்டைப் பக்கம் அப்படி ஏதும் உண்டா?

பதில்: கிரவுண்ட் ஹாப்பிங் என்பது இதுவரை பார்க்காத மைதானமாகத் தேடிப்போய் ஆட்டம் பார்க்கும் பொழுதுபோக்கு. இங்கிலாந்துக் கால்பந்தின் மேல் நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள்; அதற்குக் கீழே இருப்பவை ‘நான்-லீக்’. 1871-ல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பையின் தொடக்கச் சுற்றுகளில் மோதுபவை இந்தச் சின்ன கிளப்புகள்தான். யார் ஜெயித்தால் என்ன, பட்டியலில் ஒரு மைதானம் கூடினால் அன்றைய பயணம் பலித்தது!

புதுக்கோட்டையில் கால்பந்துக்குப் பதில் காளை. தமிழகத்தில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக ஜனவரியில் கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில் நடக்கும். பிறகு வன்னியன்விடுதி, வடமலாப்பூர், விராலிமலை என்று நீளும். சீசன் மே வரை. விடியுமுன் கிளம்பினால்தான் கேலரியில் இடம் கிடைக்கும். தாமதமாகப் போகிறவருக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தரிசனம். காளைக்கும் வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை உண்டு, பார்வையாளருக்குத்தான் இல்லை. திமிலை மட்டும் பிடித்து, குறிப்பிட்ட தூரமோ மூன்று துள்ளலோ தாங்கினால் வீரர் வென்றார். இல்லையெனில் பரிசு காளை உரிமையாளருக்கு. கூடுதல் நேரம், பெனால்டி எதுவும் கிடையாது. அங்கே பந்து கேலரிக்குள் விழுந்தால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். இங்கே காளை வந்தால் கேலரியே காலியாகிவிடும்.