ஹெல்மெட் பெரிசு, தலை சிறிசு

(இந்த வாரம் விண்வெளிப் படங்களையும் அவற்றைக் கிண்டலடித்து எடுத்த படங்களையும் பற்றித்தான் கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஆகவே வீட்டுமனை, முதுகுவலி, மாமியார் தொடர்பான கேள்விகளெல்லாம் அடுத்த வாரம்.)

கேள்வி: நான் ‘ஸ்டார் வார்ஸ்’ வெறியன். என் நண்பனோ அதைக் கேலி செய்த ‘ஸ்பேஸ்பால்ஸ்’தான் உயர்ந்த படம் என்கிறான். நட்பை முறித்துக்கொள்ளலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: அவருக்குக் கைமாற்றாக ஏதாவது கொடுத்திருந்தால் முதலில் அதை வாங்கிவிடுங்கள். முறிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸின் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம் 1977-ல் வந்தது. மெல் புரூக்ஸ் அதைக் கிண்டலடித்தது 1987-ல். ஆறிப்போன பிறகு பரிமாறுகிறார் என்று அன்றைக்கே முணுமுணுத்தார்கள். ஆனால் அந்தத் தொடக்கக் காட்சியைப் பாருங்கள். அசலில் ஒரு ராட்சதப் போர்க்கப்பல் நம் தலைக்கு மேலே நகர்ந்துபோகும். தியேட்டரே வாயைப் பிளந்தது. புரூக்ஸின் கப்பலும் நகர்கிறது. நகர்ந்துகொண்டே இருக்கிறது. இசை உச்சத்துக்குப் போய், ஓய்ந்து, வேறு வழியில்லாமல் மறுபடி உச்சத்துக்குப் போகிறது, கப்பல் முடிந்தபாடில்லை. ஒருவழியாக அதன் பின்பக்கம் வரும்போது, யாருக்காகவும் பிரேக் போடமாட்டோம் என்று ஒரு ஸ்டிக்கர். லூகாஸின் ஷாட்டை அணு அணுவாக ரசித்தவருக்குத்தான் இந்தக் குறும்பு கைவரும்.

டார்த் வேடருக்குப் பதிலாக ரிக் மொரானிஸ்: குள்ளமான உருவம், மூக்குக்கண்ணாடி, குடம் மாதிரி ஹெல்மெட். கர் கர்ரென்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தவர், முகமூடியைத் தூக்கி, இதற்குள் மூச்சே விட முடியவில்லை என்று புலம்புகிறார். அதுவரை அந்த மூச்சுச் சத்தத்துக்கு நடுங்கியவர்கள் அத்தனை பேருக்கும் விடுதலை. பின்பாதி தொய்வு, காதல் காட்சிகளில் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம். உயர்ந்த படம் என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். உயர்ந்த முதல் அரை மணி நேரம் என்றால் நண்பர் கட்சியில் நானும் உண்டு.

கேள்வி: லூகாஸ் வழக்குப் போடவில்லையா? (வழக்கறிஞர், திருநெல்வேலி)

பதில்: தொழில் புத்தி! போடவில்லை. புரூக்ஸ் முன்கூட்டியே அனுமதி கேட்டார். லூகாஸ் ஒரே ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார்: படத்தை வைத்துப் பொம்மை, சட்டை, டிபன் பாக்ஸ் எதுவும் விற்கக் கூடாது. ஏன் என்று கேட்பீர்கள். முதல் படத்துக்கு இயக்குநர் சம்பளத்தை உயர்த்திக் கேட்காமல் பொம்மை விற்கும் உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் கேட்டு வாங்கியவர் லூகாஸ். ஸ்டுடியோவும் சில்லறை தானே என்று தூக்கிக் கொடுத்தது. சாம்ராஜ்யமே அந்தச் சில்லறையில் எழுந்ததுதான்.

புரூக்ஸ் சும்மா இருப்பாரா? விற்கத்தானே கூடாது, காட்டலாமே! யோடா மாதிரி வேஷம் போட்டு, யோகர்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு, படத்துக்குள்ளேயே கடை விரித்து, ‘ஸ்பேஸ்பால்ஸ்’ முத்திரை போட்ட டிபன் பாக்ஸிலிருந்து தீ கக்கும் துப்பாக்கி வரைக்கும் கூவி விற்கிறார். இதில் வேடிக்கை, படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளைச் செய்துகொடுத்ததே லூகாஸின் கம்பெனிதான். ஆள் ரசிகர். 1978-ல் எர்னி ஃபாசீலியஸ் என்பவர் டோஸ்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் விண்கலங்களாகப் பறக்கவிட்டு ‘ஹார்டுவேர் வார்ஸ்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். தன் படத்தைப் பற்றிய கேலிகளில் தனக்குப் பிடித்தது அதுதான் என்றார் லூகாஸ்.

கேள்வி: ‘ஸ்பேஸ்பால்ஸ்’ இரண்டாம் பாகம் உண்மையா, வதந்தியா? (சேலம்)

பதில்: 2025-ல் அறிவித்துவிட்டார்கள், 2027-ல் வெளியீடு என்று. புரூக்ஸ் பிறந்தது 1926-ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். முதல் படத்திலேயே யோகர்ட் கிழவர் அடுத்த பாகத்துக்குப் பெயர் வைத்தாயிற்று: இன்னும் கொஞ்சம் பணத்தைத் தேடி.

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸா’, ‘ஸ்டார் ட்ரெக்கா’? ஒரே வரியில்! (கும்பகோணம்)

பதில்: முதலாவதில் குடும்பத் தகராறு, இரண்டாவதில் ஆபீஸ் மீட்டிங், தகராறு அடுத்த வீட்டில் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: தங்களைக் கேலி செய்யும் ‘கேலக்ஸி க்வெஸ்ட்’ படத்தை ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்களே கொண்டாடுகிறார்களாமே, ரோஷம் கிடையாதா? (மதுரை வாசகி)

பதில்: ரோஷம் எக்கச்சக்கம். 2013-ல் லாஸ் வேகாஸில் கூடிய ‘ஸ்டார் ட்ரெக்’ மாநாட்டில் எல்லாப் படங்களையும் தரவரிசைப்படுத்தினார்கள். குடும்பத்திலேயே இல்லாத ‘கேலக்ஸி க்வெஸ்ட்’ ஏழாவதாக வந்தது. அந்த வருஷம் கோடி கோடியாகக் கொட்டி எடுத்த சொந்த வீட்டுப் படத்துக்குக் கடைசி இடம்.

1999-ல் டீன் பாரிசாட் இயக்கிய படம். என்றைக்கோ நின்றுபோன ஒரு டிவி விண்வெளித் தொடரின் நடிகர்கள், ரசிகர் கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறார்கள். அந்தத் தொடரை நிஜ வரலாறு என்று நம்பிய வேற்றுக்கிரகவாசிகள் அதைப் பார்த்தே ஒரு விண்கலத்தைக் கட்டிவிட்டு, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று வந்து நிற்கிறார்கள். பொய், நாடகம், நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள். கலத்தின் நடுவே ஆளை நசுக்கும் ராட்சத உலக்கைகள் ஏறி இறங்கும் ஒரு நடைபாதை. எதற்கு? ஒரு உபயோகமும் இல்லை. தொடரில் ஒரு வாரம் சஸ்பென்ஸுக்காக யாரோ எழுதிவைத்தது. அதைக் கடக்க வேண்டிய ஸிகோர்னி வீவர், இந்த எபிசோடை எழுதியவன் நாசமாய்ப் போக என்று கத்துவதில் எல்லா சீரியல் நடிகர்களின் சாபமும் அடக்கம். ஒரே ஒரு எபிசோடில் தலைகாட்டிச் செத்துப்போன சாம் ராக்வெல்லோ, பெயரில்லாத பாத்திரம்தானே முதலில் சாகும் என்று படம் முழுக்கப் பதறுகிறார். ‘ஸ்டார் ட்ரெக்’கின் சிவப்புச் சட்டைக்காரன் கதி தெரிந்தவர்கள் கைதட்டுவார்கள். தெரியாதவர்களுக்கும் சிரிப்பு வரும். நல்ல கிண்டலுக்கு நான் வைக்கும் பரீட்சை இதுதான்: அசலைப் பார்க்காதவனும் கடைசிவரை உட்கார வேண்டும்.

ஆலன் ரிக்மன் மேடை நாடகத்தில் பேர் வாங்கியவராக வருகிறார். ரப்பர் மண்டையோடு ஒரே வசனத்தை ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லிக் கசந்துபோன முகம். ‘ஸ்டார் ட்ரெக்’கில் ஸ்பாக்காக நடித்த லியனர்ட் நிமாய் 1975-ல் நான் ஸ்பாக் இல்லை என்றே தலைப்பு வைத்துச் சுயசரிதை எழுதி, 1995-ல் நான்தான் ஸ்பாக் என்று இன்னொன்று எழுதியவர். ரிக்மன் அந்த இருபது வருஷத்தையும் ஒரே படத்தில் நடித்துக் காட்டிவிட்டார்.

ரோஷத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் ஒரு பையன் கலத்தின் தொழில்நுட்பம் பற்றிச் சந்தேகம் கேட்கிறான். இது வெறும் டிவி தொடர், போய்ப் பிழைப்பைப் பார் என்று நாயகன் எரிந்து விழுகிறார். பிறகு விண்வெளியில் மாட்டிக்கொண்டு, கலத்தின் உள்வழி தெரியாமல் அதே பையனைத்தான் அழைக்கிறார். எல்லாம் நிஜம் என்று அவர் சொன்னதுமே, தெரியும் தெரியும் என்று துள்ளுகிறான். உலகத்தைக் காப்பாற்ற வழி சொல்லிக்கொண்டிருக்கும் அவனைக் குப்பை கொட்ட அனுப்புகிறாள் அம்மா. ரசிகனைக் கேலி செய்த கையோடு அவன் கையிலேயே சாவியையும் கொடுத்த படம். கொண்டாடாமல் என்ன செய்வார்கள்?

கேள்வி: ‘பார்பி’ படத்தின் தொடக்கத்தில் சிறுமிகள் பொம்மைகளைப் போட்டு உடைத்தபோது பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன்? (திருச்சி)

பதில்: அவர் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி’ பார்த்தவர். 1968-ல் வந்த அந்தப் படத்தில் கற்பாறைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பலகை முளைக்கும். குரங்கு மனிதன் எலும்பை எடுத்து அடிக்கப் பழகுவான். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசை இடிமாதிரி முழங்கும். 2023-ல் கிரேட்டா கெர்விக் அதே பாறை, அதே இசையோடு, பலகை நின்ற இடத்தில் நீச்சலுடை போட்ட பொம்மையை நிறுத்திவிட்டார். குப்ரிக் படத்தில் முதல் இருபத்தைந்து நிமிஷம் யாரும் வாயைத் திறப்பதில்லை. சிரித்தவர் அதையும் தூங்காமல் பார்த்தவராக இருந்தால் அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: கிண்டல் படங்களால் சினிமாவுக்கு என்ன லாபம்? அசல் இல்லாமல் நகல் ஏது? (தமிழாசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஐயா, நகலுக்குப் பிறந்த அசல் ஒன்று சொல்லட்டுமா? குப்ரிக் படத்தின் கம்பீரத்தைப் பார்த்துவிட்டு ஜான் கார்பென்டரும் டான் ஓ’பானனும் கல்லூரியில் படிக்கும்போதே ஆரம்பித்த படம் ‘டார்க் ஸ்டார்’, 1974-ல் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. விண்வெளி வீரர்கள் தாடி வளர்த்து, சலித்துப்போய்க் கிடக்கிறார்கள். வெடிக்கத் துடிக்கும் ஒரு வெடிகுண்டுக்குத் தத்துவ வகுப்பு எடுத்துச் சமாதானம் செய்யப் பார்க்கிறார்கள். கலத்துக்குள் உலாவும் வேற்றுக்கிரகப் பிராணி, கடற்கரையில் விளையாடும் காற்றுப் பந்துக்குக் கால் முளைத்த மாதிரி. காசு அவ்வளவுதான். ஓ’பானன் தானே நடித்து, அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் தொங்குகிறார்.

ஜனங்கள் எதிர்பார்த்த அளவு சிரிக்கவில்லை. சிரிக்கமாட்டார்களென்றால் பயமுறுத்திப் பார்ப்போம் என்று அதே முடிச்சை, மூடிய கலம், உள்ளே ஒரு பிராணி, தேடிப்போகும் பணியாளர்கள் என்று ஓ’பானன் மறுபடி எழுதினார். அதுதான் 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’. சாப்பாட்டு மேஜையில் ஜான் ஹர்ட்டின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி வருமே, அந்தப் படம். பயமோ பயம்.

கதை அதோடு முடியவில்லை. 1987-ல் ‘ஸ்பேஸ்பால்ஸ்’ கடைசியில் ஒரு ஓட்டல். அங்கே சாட்சாத் ஜான் ஹர்ட்டே உட்கார்ந்து சாப்பிடுகிறார். நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். அடடா, மறுபடியுமா என்கிறார். வெளியே வந்த குட்டி தொப்பி போட்டுக்கொண்டு ஆடிப் பாடியபடி போகிறது. குப்ரிக்கைக் கேலி செய்ததில் ‘ஏலியன்’, ‘ஏலியனை’க் கேலி செய்ததில் அந்த ஆட்டம். எது அசல், எது நகல் என்று நீங்களே மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ சீரியஸ் படமா, கிண்டலா? எங்கள் விடுதியில் கைகலப்பே நடந்துவிட்டது. (பொறியியல் மாணவர், சென்னை)

பதில்: கிண்டல். ஆனால் உங்கள் எதிர்க்கட்சியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 1997-ல் வந்தபோது பெரிய பெரிய விமர்சகர்களே ஏமாந்து, பாசிசத்துக்குப் பல்லக்குத் தூக்கும் படம் என்று திட்டினார்கள். இயக்குநர் பால் வெர்ஹோவன் நெதர்லாந்துக்காரர், நாஜிகள் ஆக்கிரமித்திருந்த ஊரில் சிறுவனாக இருந்தவர். படத்துக்கு மூலமான ஹைன்லைனின் 1959 நாவலை இரண்டு அத்தியாயத்துக்கு மேல் படிக்க முடியாமல் மூடிவைத்ததாகச் சொன்னவர். நாயக நாயகிகளைப் பளபளவென்று, பற்பசை விளம்பரத்துக்கு நிற்பவர்கள் மாதிரி பொறுக்கி எடுத்து, ராணுவத்தில் சேரச் சொல்லும் பிரச்சாரப் படத்தைப் போலவே முழுப் படத்தையும் எடுத்தார். நடுவே வரும் செய்திப்படத்தில் குழந்தைகள் கரப்பான்பூச்சிகளை மிதித்து நாட்டுக்கு உதவுகிறார்கள். பக்கத்தில் ஒரு அம்மா குதூகலிக்கிறாள். கடைசியில் நீல் பேட்ரிக் ஹாரிஸ் கறுப்புத் தோல் கோட்டோடு வருவதைப் பார்த்த பிறகுமா சந்தேகம்? படம் ஒரு இடத்திலும் கண்ணடிக்காது. அதுதான் வெர்ஹோவனின் துணிச்சல், வசூலுக்கு வந்த வினையும் அதுதான்.

கேள்வி: ‘இண்டிபெண்டன்ஸ் டே’யைக் கேலி செய்யத்தானே ‘மார்ஸ் அட்டாக்ஸ்!’ எடுத்தார்கள்? (ஈரோடு)

பதில்: இல்லை. அது 1962-ல் டாப்ஸ் கம்பெனி விற்ற செவ்வாய்க்கிரக அட்டைகளிலிருந்து டிம் பர்ட்டன் எடுத்தது. இரண்டும் 1996-லேயே வந்ததால் அப்படித் தோன்றுகிறது. ‘இண்டிபெண்டன்ஸ் டே’யில் அமெரிக்க ஜனாதிபதி உருக்கமாகப் பேசி விமானம் ஓட்டுகிறார். இதிலும் ஜனாதிபதி உருக்கமாகப் பேசுகிறார், செவ்வாய்க்காரன் கண்ணீர் விட்டுக் கை குலுக்குகிறான், அந்தக் கை கழன்று வந்து அவரைக் குத்துகிறது. அதில் பகைவரை வீழ்த்துவது லேப்டாப் வைரஸ். இதில் பாட்டி கேட்கும் பழைய பாட்டு. எனக்குப் பாட்டைத்தான் நம்பத் தோன்றுகிறது.

கேள்வி: ஹிட்டான படங்களையெல்லாம் ஒன்றாகக் கோத்துக் கேலி செய்தால் சிரிப்பு இரட்டிப்பாகுமே? (வேலூர்)

பதில்: 2008-ல் ‘டிஸாஸ்டர் மூவி’ அதைத்தான் செய்தது. அயர்ன் மேன் வருகிறார், ஹல்க் வருகிறார், ஹேன்காக் வருகிறார், எல்லார் மேலும் ஏதோ விழுகிறது. அடையாளம் தெரிந்ததற்காகவெல்லாம் எவ்வளவு நேரம் சிரிப்பது?

கேள்வி: தமிழில் ஏன் விண்வெளிப் படக் கிண்டல் வருவதில்லை? (புதுச்சேரி)

பதில்: கேலி செய்யச் சரக்கு வேண்டாமா? 2010-ல் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப் படம்’ ஜெயித்ததற்குக் காரணம், சைக்கிள் மிதித்தபடியே பையன் வாலிபனாவதை நாம் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தோம். விண்வெளியில் அப்படி ஒரு மாமூல் இங்கே இன்னும் ஏற்படவில்லை. 1963-லேயே ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகம் போய்விட்டார், அங்கே இசை இல்லையென்று பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள்! அடுத்த பறக்கும் தட்டுக்கு எத்தனையோ காலம் காத்திருந்தோம். ‘டிக் டிக் டிக்’, ‘அயலான்’ என்று இப்போதுதான் சேர ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு பத்துப் படம் வரட்டும். ராக்கெட் கிளம்பும் நேரத்தில் அம்மா போன் செய்யும் காட்சி நாலு படத்தில் வந்துவிட்டால், ஐந்தாவதை அமுதன் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: எந்த சயின்ஸ் ஃபிக்ஷன் படம் போட்டாலும் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, இது அதிலிருந்து சுட்டது, அது இதிலிருந்து சுட்டது என்கிறார். என்ன செய்யலாம்? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: எட் வுட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ போடுங்கள். நட்சத்திர நடிகர் பெலா லுகோசி 1956-ல் இறந்துவிட்டார். கையிலிருந்த சில நிமிஷக் காட்சிகளோடு, மீதிப் படத்துக்கு எட் வுட் தன் மனைவியின் முதுகெலும்பு வைத்தியரைக் கூட்டிவந்து, முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். உயரம் ஒத்துப்போகவில்லை, தலைமுடி ஒத்துப்போகவில்லை, எட் வுட் அசரவே இல்லை. எதிலிருந்து சுட்டது என்று உங்கள் கணவர் கண்டுபிடித்தால் எனக்கும் எழுதுங்கள்.