தளபதி முன்னே, மாட்டு வண்டி எங்கே?

கோரிப்பாளையம் சந்திப்பில் சிக்னலுக்கு நிற்பவர்களில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் உண்டு, அமெரிக்கன் கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு, பாலம் ஏறி சிம்மக்கல்லுக்குப் போகிறவர்கள் உண்டு. பக்கத்துத் தர்காவில் மதுரை சுல்தான்கள் அடங்கியிருக்கிறார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. அந்த சுல்தான்கள் காலத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி காலம் வரை மதுரைக்காக நடந்த சண்டைகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் புரியும். வாளைத் தூக்கியவனுக்குச் சிலை, மூட்டையைத் தூக்கியவனுக்குச் சுளுக்கு. ஆனால் ஜெயித்ததும் தோற்றதும் பெரும்பாலும் மூட்டை தூக்கியவனால்தான்.

நம் முன்னோர்கூட இதில் ஓரவஞ்சனை செய்திருக்கிறார்கள். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் படையை ஆறாகப் பிரிக்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. எதிரியிடமிருந்து பிரிந்து வந்தவனுக்குக்கூட ஒரு தனிப்படை இருக்கிறது. சோறு பொங்குகிறவனுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் அந்த ஆறில் இடமில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை முறுக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், சாம்பார் தீர்ந்துபோனால்தான் சமையல்காரர் பெயர் என்ன என்று கேட்பார்கள். அதே கதைதான்.

முதல் காட்சி 1342. மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி. அவர் படையைப் பற்றி நமக்குச் சொல்கிறவர் உலகம் சுற்றிய இபின் பதூதா. இருவரும் சகலைகள், சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் இரண்டு பெண்களைக் கட்டியவர்கள். சகலையின் படையைப் பற்றிச் சகலை என்ன சொல்வார்? மொத்தம் 6,000 பேர், அதில் பாதி உருப்படாதது என்று எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பாதியையும் சேர்த்துக்கொண்டு மாலத்தீவைப் பிடிக்கலாம் வாங்க என்று சுல்தானை அரித்ததும் இவரேதான்.

எதிரே ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். வயது 80. இபின் பதூதா கணக்குப்படி அவர் படை ஒரு லட்சத்துக்கும் மேல். சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூர்க் கொப்பம் கோட்டையை வளைத்துக்கொண்டு, உள்ளே இருந்தவர்களுக்குப் பதினான்கு நாள் தவணையும் கொடுத்துவிட்டு, நிம்மதியாகக் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார். சேதி மதுரைக்கு வந்தது. சுல்தான் இருந்ததை வைத்துப் பங்கு பிரித்தார். துணிந்தவர்களை முன்னால் விட்டார், இடமும் வலமும் கொஞ்சம் பேர், தன்னோடு நடுவில் ஒரு பகுதி, பின்னால் சேமப்படையாக இன்னொரு பகுதி. தலைப்பாகையை அவிழ்த்துக் குதிரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சாகத்தான் போகிறோம் என்பதற்கு அது அடையாளம்.

போய்ச் சேர்ந்தது மத்தியான வேளை. ஒரு லட்சம் பேரும் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருந்தார்கள். குதிரைகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்டிருந்தார்கள். தூரத்தில் புழுதி தெரிந்ததும் திருடர்கள் என்று நினைத்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சிலர் விரட்டப் போனார்கள். திருடன் பின்னாலேயே சுல்தான் வந்து நின்றார். குதிரைப்படை வைத்திருப்பது வேறு, குதிரை எங்கே மேய்கிறது என்று தெரிந்திருப்பது வேறு. ஹொய்சளர் சாம்ராஜ்யம் அந்த ஒரு தூக்கத்துக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வல்லாளரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்ததாக இபின் பதூதா எழுதுகிறார்.

ஜெயித்த சுல்தான் என்ன ஆனார்? ஒரு யோகி ஆண்மை விருத்திக்கு மாத்திரை உருட்டிக் கொடுத்தார், அதில் இரும்புத்தூள் கலந்திருந்தது. சுல்தான் அளவுக்கு மீறி விழுங்கி நோயில் விழுந்தார், எழவில்லை. போரில் சேமப்படையை அவசரப்பட்டு இறக்காமல் வைத்திருந்த மனிதர், வீட்டில் அந்த நிதானத்தைக் கடைப்பிடிக்கவில்லை.

அடுத்து நாயக்கர் காலம். விசுவநாத நாயக்கருக்கும் தளவாய் அரியநாத முதலியாருக்கும் ஒரு யோசனை வந்தது. பெரிய படையை எப்போதும் மதுரையில் கட்டிவைத்துச் சோறு போட்டால் கஜானா காலி. ஆகவே நாட்டை 72 பாளையமாகப் பிரித்தார்கள். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளத்தையும் ஆளுக்கொன்றாக ஒப்படைத்தார்கள். வரியில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, ஒரு பங்கு பாளையக்காரர் வீட்டுக்கு என்பது ஏற்பாடு. சண்டை வந்தால் ஓலை போகும், பாளையக்காரர் ஆளோடும் வேலோடும் வந்து தன் கொத்தளத்தில் நிற்க வேண்டும். செலவில்லாத சேமப்படை! ஆயிரங்கால் மண்டப வாசலில் அரியநாதர் குதிரை மேல் ஜம்மென்று உட்கார்ந்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

ஏட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படைச் செலவுப் பங்கும் வீட்டுப் பங்கும் ஒரே பெட்டியில் இருந்தால் எது எதைத் தின்னும் என்று கேட்கவே வேண்டாம். மதுரை வலுவாக இருந்தவரை ஓலைக்கு மரியாதை இருந்தது. மதுரை தளர்ந்ததும் ஓலை போன இடமெல்லாம் பாளையக்காரருக்கு உடம்பு சரியில்லை.

ஒருமுறை மட்டும் கூப்பிட்ட ஆள் வந்தார். 1650களின் நடுவில் மைசூர்ப் படை உள்ளே நுழைந்தது. வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து மூட்டை கட்டி ஊருக்கு அனுப்புவது அவர்கள் செய்த வேலை. அதாவது அவர்கள் படையில் மூக்கு மூட்டை சுமக்கவும் ஆள் வைத்திருந்தார்கள். இங்கே திருமலை நாயக்கர் படுத்த படுக்கை. ராமநாதபுரத்துக்கு ஆள் பறந்தது. ரகுநாத சேதுபதி மறவர் படையைத் திரட்டிக்கொண்டு வந்து மைசூர்க்காரர்களை அடித்து விரட்டினார். மதுரைப் படை பின்னாலேயே போய் அங்கே மூக்கறுத்துக் கணக்கை நேர் செய்தது. இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். சேதுபதிக்குக் கப்பம் கட்டுவதிலிருந்து விலக்கு கிடைத்தது. சேமப்படை ஒருமுறை ஒழுங்காக வேலை செய்தது, அதற்குப் பரிசாக அதனிடமிருந்து வரவேண்டிய வருமானம் நின்றது.

இனி கம்பெனி. பின்னணிப் படையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு கர்னல் அலெக்சாண்டர் ஹெரானைப் போல ஒரு உதாரணம் உலகில் கிடைக்காது. 1755 தொடக்கத்தில் 500 வெள்ளைக்காரர், 2,000 சிப்பாய்களோடு ஆற்காடு நவாபுக்கு வரி வசூலிக்க வந்தார். மதுரை சண்டையில்லாமல் விழுந்தது. தப்பி ஓடிய கோட்டைத் தலைவனைத் துரத்திக்கொண்டு திருமோகூர்ப் பக்கம் கோயில்குடி என்ற இடத்துக்குப் போனார்கள். அங்கிருந்த கோயிலின் மதில் கல்மதில். அதை உடைக்கத் தோதான பீரங்கி கையில் இல்லை.

திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கலாம். ஹெரான் ஒரு தீப்பந்தத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார். வாசலில் வைக்கோல் கட்டுகளைக் குவித்துக் கொளுத்துவது திட்டம். இது பைத்தியக்காரத்தனம் என்று மற்ற எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவர் சிப்பாய்களின் தலைவர் யூசுப் கான். கர்னல் உண்மையாகவே நடக்கத் தொடங்கியதும், வேறு வழியில்லாமல் இன்னொரு பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அவரும் பின்னால் போனார். படையின் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் வைக்கோல் கொளுத்தப் போய்விட்டார்கள், மீதிப் படை வேடிக்கை பார்த்தது. ராபர்ட் ஓர்ம் எழுதிய கம்பெனி வரலாற்றில் இந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. கதவு எரிந்தது. உள்ளே புகுந்தவர்கள் வெட்டினார்கள், கொள்ளையடித்தார்கள், உலோகச் சாமி சிலைகளை மூட்டை கட்டிக்கொண்டார்கள்.

அந்தச் சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் மேலூர், நத்தம் பக்கத்துக் கள்ளர் நாட்டார். அவர்கள் அவசரப்படவில்லை. ஹெரானின் படை திருநெல்வேலி வரை போய்விட்டுத் திருச்சிக்குத் திரும்ப ஒரே நல்ல வழி நத்தம் கணவாய் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மே மாதக் கடைசியில் படை கணவாய்க்குள் நுழைந்தது. இருபுறமும் காடு, குறுகலான பாதை. முன்னால் போன சிப்பாய்கள் யாரையும் காணோமே என்று உற்சாகமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். பின்னால் பீரங்கித் தளவாடம் ஏற்றிய கனத்த வண்டி ஒன்று சேற்றில் இறங்கியது. மாடுகள் இழுத்துப் பார்த்தன, அசையவில்லை. வண்டிக்காரன் அதட்டினான், மாடு அவனைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் போகிறவர்களிடம் நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த வண்டிக்குப் பின்னால் வந்த மூட்டை முடிச்சு, மாடு, சமையல் சாமான், படையோடு வந்த பெண்டு பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட்டன. படை இரண்டு துண்டானது.

அப்போது காடு வாய் திறந்தது. ஈட்டியும் அம்புமாக வந்தவர்கள் முன்வரிசைப் பக்கம் போகவே இல்லை. நேரே மூட்டைகளுக்குத்தான் வந்தார்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்த்ததும் “சாமி! சாமி!” என்று கூச்சல். திருமோகூரில் போன சாமிகள் நத்தத்தில் திரும்பக் கிடைத்துவிட்டார்கள். அன்று செத்தவர்களில் சண்டைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத கூலிக்காரர்களும் பெண்களும் குழந்தைகளும் நிறைய. அந்தப் பகுதியில் சிரிக்க ஒன்றுமில்லை. ஹெரானை ராணுவ விசாரணையில் நிறுத்தி வேலையை விட்டே அனுப்பினார்கள்.

அந்த வண்டியின் அருமை தெரிந்தவர் ஒருவர் உண்டென்றால் யூசுப் கான்தான். திருச்சிக் கோட்டை முற்றுகையில் இருந்தபோது, தொண்டைமான் சீமையிலிருந்து அரிசி வண்டிகளை பிரெஞ்சுக்காரர் கண்ணில் படாமல் காட்டு வழியில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து சேர்ப்பதில் பெயரெடுத்தவர் அவர். மேஜர் லாரன்ஸ் புகழ்ந்து எழுதி, கம்பெனி தங்கப் பதக்கம் கொடுத்தது. பின்னாளில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோதும் வெளியே சுற்றிச் சுற்றி பிரெஞ்சுக்காரரின் சாப்பாட்டு வழியை அறுத்துக்கொண்டே இருந்தார். சோற்றுக்கும் சண்டைக்கும் உள்ள சம்பந்தம் அவருக்கு அத்துப்படி.

மதுரைக்கு அதிகாரியாக வந்தார், வரியை ஒழுங்காக வசூலித்தார். நவாபுக்குப் பொறாமை, கம்பெனிக்குச் சந்தேகம். 1763ல் இருவரையும் எதிர்த்து நின்றார். கம்பெனிப் படை வந்து மதுரைக் கோட்டையை வளைத்தது. மழை கொட்டியதும் பின்வாங்கியது. மறு வருஷம் திரும்பி வந்தார்கள். 1764 ஜூன் 26 அன்று சுவரேறிப் பார்த்தார்கள், யூசுப் கான் தள்ளிவிட்டார். அதன்பிறகுதான் மேஜர் கேம்பலுக்குப் புத்தி வந்தது. சுவரை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்தார். ஒரு மூட்டை உள்ளே போகவில்லை. அரிசி வண்டியால் பெயரெடுத்தவரை அரிசி வண்டியாலேயே கவிழ்த்தார்கள்.

பசி வந்ததும் உள்ளே இருந்தவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். அக்டோபர் 13 அன்று அவரைப் பிடித்துக் கட்டியவர்கள் யார்? திவான் சீனிவாச ராவும், பிரெஞ்சு அதிகாரி மர்ஷானும், அவர்கள் கூட்டமும். அதாவது நிதித்துறையும் வெளிநாட்டு ஆலோசகரும். முன்வரிசைச் சிப்பாய் கடைசிவரை நின்றான், ஆபீஸ்தான் காலை வாரியது. இரண்டு நாளில் தூக்கு. சமாதி சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. கம்பெனியையே தள்ளாடவைத்த அந்தக் கோட்டையை, எண்பது வருஷம் கழித்து கலெக்டர் பிளாக்பர்ன் பீரங்கியில்லாமல் கடப்பாரையால் இடித்து, அகழியைத் தூர்த்து வீதி போட்டார்.

இத்தனைக்கும் பிறகு கம்பெனிக்குப் பாடம் ஏறியதா? 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, ஆட்டம் முடிந்தது. மறுபடியும் வண்டி! இருபதே நாளில், செப்டம்பர் 30 அன்று, சென்னையில் ‘பயனீர்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனி ஆட்களைச் சேர்த்தார்கள். பாதை வெட்டுவது, பாலம் போடுவது, மண் மூட்டை அடுக்குவது, சிக்கிய வண்டியைத் தூக்கிவிடுவது இவர்கள் வேலை. பெரும்பாலும் தமிழர்கள், ராணுவத்தில் இன்றும் செல்லப்பெயர் ‘தம்பி’. இப்போது பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் பிறந்தநாள் அதுதான். பரிமேலழகர் விட்டுவைத்த ஏழாவது படைக்கு ஒருவழியாகப் பட்டியலில் இடம் கிடைத்தது.

இதை 25 வருஷம் முன்னாலேயே செய்திருக்கலாமே என்று ராணுவ நிபுணர்கள் வருத்தப்படக்கூடும். மதுரைக்காரனுக்கு அந்த வருத்தம் தேவையில்லை. அன்று நத்தம் கணவாயில் நாலு மண்வெட்டியும் இரண்டு ஜோடி நல்ல மாடும் இருந்திருந்தால், திருமோகூர்ச் சாமிகள் கப்பலேறி, லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் எண் ஒட்டப்பட்டு நின்றிருக்கும். ராணுவ நிர்வாகம் ஒழுங்காக இருப்பது நல்லதுதான். எதிரியினுடையது மட்டும் அப்படியே கிடக்கட்டும்.