இரவில் கம்ப்யூட்டரை அணைத்தல்: இளம்பிள்ளை மரபை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இளம்பிள்ளையில் நடுராத்திரியில் எந்தச் சந்தில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். நைட் ஷிப்ட் ஓடுகிற ஊர். அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு சன்னமான இரைச்சலும் உண்டு. சேலைக்கு டிசைன் போடுகிற கம்ப்யூட்டரின் விசிறி அது. டிசைன் போட்டவர் எப்போதோ தூங்கிப் போயிருப்பார், அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டுப் படுப்பது முறையா, ஓடவிட்டுப் படுப்பது முறையா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்போர், இதைவிடச் சிறிய பொருளுக்கெல்லாம் முனைவர் பட்டம் கிடைத்திருப்பதை நினைவில் கொள்க.

முதலில் களம். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையை ஒட்டி இருக்கிறது இளம்பிள்ளை. கஞ்சமலையில் காந்த இரும்புத் தாது உண்டு என்பது நிலவியலார் கண்ட உண்மை. ஹார்ட் டிஸ்க்கும் காந்தத்தை நம்பியே எழுதுகிறது. எனவே கம்ப்யூட்டரை மலைப் பக்கத்துச் சுவரோரம் வைத்தால் டிசைன் அழிந்துவிடுமோ என்ற ஐயம் எழலாம். அழியாது. இந்தத் துணைச் சிக்கல் இத்துடன் தீர்ந்தது.

இனி வாதம். இதில் அணைப்போர், அணையார் என இரு சாரார் உளர். பெரும்பாலும் இருவரும் ஒரே வீட்டில்தான் வசிப்பார்கள். அணைப்போர் தரப்பின் மூலவர் அம்மா. “ஏங் கண்ணு, ராத்திரி பூராவும் அது கரண்டத் தின்னுட்டே கெடக்குது. நிறுத்திப்போட்டுப் படுத்தா என்ன?” என்பது அத்தரப்பின் சூத்திரம். “அதெல்லாம் ஆன்லயே இருந்தாத்தாம்மா நல்லது. அடிக்கடி நிறுத்திப் போட்டா போர்டு போயிரும்” என்பது மகனின் மறுப்பு. ஆதாரம் கேட்டால், சேலத்தில் ஒரு சர்வீஸ்காரர் சொன்னதாகச் சொல்வார். அந்தச் சர்வீஸ்காரரை எவரும் நேரில் கண்டதாகத் தெரியவில்லை. ஆயினும் எல்லா வீட்டிலும் அவர் மேற்கோள் காட்டப்படுகிறார்.

உண்மையில் அணையாருக்கு வலுவான வரலாற்றுச் சான்று ஒன்று இருக்கிறது. அவர்களுக்கே அது தெரியாததால், ஆய்வு நேர்மை கருதி நாமே எடுத்துக் கொடுப்போம். அமெரிக்காவின் எனியாக் என்ற கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அபர்டீனில் அதை 1947 ஜூலை 29 அன்று போட்டார்கள். 1955 அக்டோபர் 2 இரவு 11.45 மணிக்குத்தான் நிறுத்தினார்கள். குழாய்கள் சூடேறும்போதும் ஆறும்போதும்தான் அதிகம் பழுதாயின. அதனால் அணைக்காமலே வைத்தார்கள். பிறகு குழாய் போய் டிரான்சிஸ்டர் வந்தது, டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் ஒரு சில்லுக்குள் அடங்கின. உபதேசம் மட்டும் மாறாமல் கைமாறிக் கைமாறி இளம்பிள்ளை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அணைப்போருக்கும் ஒரு சான்று உண்டு. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு குறை இருந்தது. மில்லிசெகண்டுகளை எண்ணிவந்த 32 பிட் கணக்கு 49.7 நாளில் நிரம்பி வழியும், கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். இக்குறை வெளியில் தெரியவே சில ஆண்டுகள் ஆயின. விண்டோஸை ஐம்பது நாள் நிற்காமல் ஓட்டிக் காட்டியவர் அதுவரை இல்லை என்று உரைகாரர்கள் இதற்கு விளக்கம் தருவர்.

தேய்மான வாதத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். மேசைக் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குகள் 50,000 முறை நின்று கிளம்பத் தாங்கும் என்று குறிப்பது வழக்கம். தினம் ஒரு முறை அணைத்தால் அந்த எண்ணை எட்ட ஏறக்குறைய 137 ஆண்டு ஆகும். அதற்குள் டிசைன் பழசாகிவிடும். எஸ்.எஸ்.டி. போட்டவர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை. அதில் சுழல்வதற்கு ஒன்றுமே கிடையாது.

கரண்டு பில் வாதம் அம்மாவின் கோட்டை. மானிட்டர் நீங்கலாக, சும்மா கிடக்கிற கம்ப்யூட்டர் 60 வாட் இழுக்கிறது என்று கொள்வோம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் அறுபது இரவுக்கு ஏறக்குறைய 29 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல், யாரும் பார்க்காத திரைக்குப் பின்னால் போய்விடுகிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான குறைந்த விலையும் கைநழுவும். விசைத்தறிக்கு 2023 முதல் 1000 யூனிட் இலவசம். தறி மீட்டரில் கம்ப்யூட்டரைச் சொருகும் வழக்கம் எங்கேனும் உண்டா என்பது குறித்து இவ்வாய்வு மௌனம் காக்கிறது. கேபினெட்டின் நீல வெளிச்சம் விடிவிளக்காகப் பயன்படுவதால் ஒரு பல்பு மிச்சம் என்ற மகனின் எதிர்வாதத்தைப் பதிவு செய்கிறோம், ஏற்கவில்லை.

இதுவரை கண்டவை சென்னைக்கும் பொருந்தும், சிகாகோவுக்கும் பொருந்தும். இளம்பிள்ளைக்கே உரிய சான்று கேபினெட்டுக்குள் இருக்கிறது. பக்கவாட்டு மூடியின் திருகைக் கழற்றி, பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியை எடுத்தால், அலுமினியத் தகடுகளுக்கு இடையே நூல் பஞ்சு மெத்தைபோல் அடைந்து கிடக்கும். தறியும் கம்ப்யூட்டரும் ஒரே கூடத்தில் இருப்பதன் விளைவு. அதைக் குச்சியால் மெதுவாக உரித்தால் அடுக்கடுக்காக வரும். மேலே வாடாமல்லி, அதற்குக் கீழே ராமர் பச்சை, அதற்கும் கீழே அரக்கு. எந்தப் பண்டிகைக்கு எந்தப் பாவு ஏறியது என்று வீட்டுக்காரம்மா அடுக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார். கீழடிக்குப் போக முடியாத தொல்லியல் மாணவர்கள் இங்கே பயிற்சி எடுக்கலாம்.

இந்த அடுக்குகளே வழக்கைத் தீர்க்கின்றன. விசிறி ஓடும் வரை காற்றை இழுக்கும். காற்றோடு பஞ்சும் வரும். பகலிலாவது வேலை நடக்கிறது. இரவில் தறி பஞ்சைத் தூவ, எந்த வேலையும் செய்யாத கம்ப்யூட்டர் விடிய விடிய அதை உள்ளே வாங்கிச் சேர்க்கிறது. தகடு அடைந்தால் சூடு வெளியேறாது. மின்தேக்கிகளுக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுவியலில் பழைய கணக்கு. போர்டு போய்விடும் என்று பயந்து அணைக்காமல் வைத்தவர், போர்டு போவதற்கான வழியைத்தான் இரவு முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்.

இவ்விடத்தில் ஓர் இடைச்செருகலைச் சுட்ட வேண்டும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு (கெர்னல்) முழுதாக இறங்குவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. தினமும் அணைக்கிறவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பல நாளாகத் தொடர்ந்து ஓடுவதாக அது கணக்குக் காட்டும். அம்மாவும் மகனும் ஒரே நேரத்தில் வென்ற வழக்கு இது ஒன்றுதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முழுதாக இறங்கி ஏறும்.

அணையார் வெளியே சொல்லாத காரணம் வேறு. பாதி போட்ட முந்தி டிசைன் திரையில் திறந்தபடி இருக்கும். காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்ற சோம்பல். கரண்டு போனால் அந்தச் சோம்பலுக்கு யூ.பி.எஸ். சில நிமிடம் கூவி ஆதரவு தரும், பிறகு அதுவும் ஓயும். சென்னைக்கு வெளியே பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்டு போன 2012-ல் இப்படிப் பறிபோன முந்திகள் எத்தனையோ. அதே கூடத்தில் தறி மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த முறை அது. ஓட்டை போட்ட அட்டையில் டிசைன் இருக்கும். ஜக்கார்டின் படத்தையே 24,000 அட்டை கொண்டு பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தன் கணக்குப் பொறிக்கும் அட்டையையே எடுத்துக்கொண்டார். முறைப்படி பார்த்தால் தறிப்பெட்டி தாத்தா, கம்ப்யூட்டர் பேரன். கரண்டு போனால் தாத்தாவுக்கு ஒரு இழையும் மறப்பதில்லை. பேரன் சேமிக்காததை எல்லாம் மறந்துவிடுகிறான்.

ஆகவே தீர்ப்பு அம்மாவின் பக்கம். அவர் சொன்ன காரணத்துக்காக மட்டுமல்ல, பஞ்சுக்காகவும். சாப்பிடப் போகும் நேரத்துக்கு ஸ்லீப் போதும். படுக்கும்போது டிசைனைச் சேமித்து, பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, அணைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். ஆயுத பூஜைக்குக் கேபினெட்டுக்குப் பொட்டு வைக்கும்போது, வைப்பதற்கு முன் மூடியைக் கழற்றி ஒரு பெயின்ட் பிரஷால் உள்ளே தட்டிவிடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகு.